வண்டி எப்படி நின்றது?

வணக்கம் நேயர்களே. நாமக்கல்லில் லாரிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவன் நான். ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோகிற பழைய லாரிகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் வைத்த புது வண்டிகள் வேறு கதை. நான் சொல்வது, டீசல் பம்ப் பல்சக்கரத்தில் சுற்றுகிற அந்தக் காலத்து வண்டிகளை.

அப்படி ஒரு வண்டி பட்டறைக்குள் வந்தால் நான் உடனே ஸ்பேனரை எடுக்கமாட்டேன். டிரைவரிடம் ஒரு கேள்வி கேட்பேன். "அண்ணே, திணறித் திணறி நின்னுச்சா, டக்குன்னு நின்னுச்சா?" பாதி வேலை அந்தப் பதிலிலேயே முடிந்துவிடும். இதை இன்றைக்கு இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் அப்படி? டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தின காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். செல்ஃப் அடித்துக் கிளப்பிவிட்டால் அப்புறம் அது ஓடக் கரண்டே வேண்டியதில்லை, டீசல் போனால் போதும். அதை நிறுத்தவும் டீசலைத்தான் அடைக்க வேண்டும். சில வண்டிகளில் அதற்குக் கையால் இழுக்கிற ஸ்டாப் கேபிள். சிலவற்றில் சோலனாய்டு. கரண்டு கொடுத்தால் காந்தமாகி ஒரு தண்டை இழுக்கிற சுருள், அவ்வளவுதான். அதிலும் இரண்டு ரகம் உண்டு. ஒன்று கரண்டு வந்தால் இன்ஜினை நிறுத்தும். இன்னொன்று கரண்டு இருக்கிற வரைக்கும் ஓடவிடும், போனால் நிறுத்திவிடும். உங்கள் வண்டியில் எந்த ரகம் என்று தெரியாமல் எதையும் கழற்றாதீர்கள்.

ஃபில்டர் அடைத்திருந்தாலோ, ஓஸில் காற்று இழுத்தாலோ, டேங்க் மூடியின் சின்ன ஓட்டை மண்ணில் அடைபட்டிருந்தாலோ முதலில் இழுவை குறையும். மிதித்தால் எடுக்காது. திணறும், அப்புறம் அடங்கும். கரண்டு கோளாறு அப்படி இல்லை. யாரோ சாவியை அணைத்த மாதிரி இருக்கும்.

ஒரு வண்டியைச் சொல்கிறேன். சேலத்திலிருந்து தர்மபுரி பக்கம் போகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாய் தெரியும். அந்த மேட்டில் லோடோடு ஏறும்போது மட்டும் நின்றுபோகிற பத்துச் சக்கர லாரி அது. சமதரையில் ஒரு தொந்தரவும் இல்லை. மேட்டில் நின்றால் என்ன ஆகும் என்று லாரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பவர் ஸ்டியரிங் கல் மாதிரி ஆகிவிடும். கம்ப்ரசர் சுற்றாததால் பிரேக்குக்குப் புதுக் காற்றும் ஏறாது. பின்னால் வரிசையாக வண்டிகள். கிளீனர் கையில் கட்டையோடு குதிக்க வேண்டும்.

மேட்டில் நிற்கிறது என்றதும் எல்லோரும் டீசல் பத்தவில்லை என்றே முடிவு கட்டியிருந்தார்கள். ஃபில்டர் மாற்றினார்கள், ஃபீட் பம்ப் மாற்றினார்கள், கடைசியில் பம்பையே கழற்றி சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கினார்கள். அத்தனைக்கும் பணம் கொடுத்துவிட்டு அந்த டிரைவர் என் முன்னால் நின்றார். என் கேள்வியைக் கேட்டேன். "டக்குன்னுதாங்க. ஒரு திணறல் கிடையாது. கொஞ்ச நேரம் விட்டுச் செல்ஃப் அடிச்சா ஒரே அடியில எடுத்துக்கும்" என்றார். இத்தனை பட்டறை ஏறியிருக்கிறார், இதை ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை. எனக்கு இன்றைக்கும் வருத்தம் அதுதான்.

கரண்டு இருந்தால் ஓடுகிற ரகம் அந்த வண்டி. பட்டறையில் நிற்கும்போது மீட்டர் வைத்துப் பார்த்தேன். சோலனாய்டில் பளிச்சென்று 24 வோல்ட். எந்த நேரம் பார்த்தாலும் 24. அப்புறம் அந்த வயரை விரலால் பிடித்து, அங்குலம் அங்குலமாக லேசாக இழுத்துக்கொண்டே வந்தேன். இன்ஜின் பக்கத்தில் ஓரிடத்தில் வயர் ரப்பர் மாதிரி நீண்டு கொடுத்தது. செம்பு இருந்தால் வயர் நீளாது, நேயர்களே. மேல் தோல் முழுசாக இருந்தது, உள்ளே கம்பி அறுந்து முனையோடு முனை முட்டிக்கொண்டிருந்தது.

இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. பாரத்தோடு மேடு ஏறும்போது அது ஒரு பக்கமாகச் சாய்ந்து திமிறும். வயரைத் தளர்வு விடாமல் இறுக்கிக் கட்டியிருந்ததால், சாயும்போதெல்லாம் அந்த முனைகள் பிரிந்தன. கண் சிமிட்டுகிற நேரம் பிரிந்தால் போதும். அந்த சோலனாய்டில் தண்டை இழுக்க ஒரு பலமான சுருள், இழுத்ததைப் பிடித்துக்கொள்ள ஒரு மெல்லிய சுருள். செல்ஃப் அடிக்கும்போது மட்டும்தான் பலமான சுருளுக்குக் கரண்டு. பிடி ஒருமுறை விட்டுப்போனால், கரண்டு திரும்பி வந்தாலும் மெல்லிய சுருளால் மறுபடி இழுக்க முடியாது. வண்டி நின்றதும் இன்ஜின் பழையபடி உட்காரும், முனைகள் ஒட்டும், செல்ஃபில் கிளம்பிவிடும். கால் மீட்டர் வயர் மாற்றி, தளர்வு விட்டுக் கட்டிக் கொடுத்தேன். அப்புறம் அந்த வண்டி மேட்டில் நிற்கவில்லை.

மீட்டர் 24 காட்டியதே என்பீர்கள். ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டும், ஏனென்றால் மீட்டர் எடுக்கிற கரண்டு மிகமிகக் கொஞ்சம். அதனால் நான் ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயர் போட்டு எப்போதும் வைத்திருக்கிறேன். பல்பு நிஜமாகவே கரண்டை இழுக்கும், அது மங்கினால் வயரில் உயிர் இல்லை. பேட்டரி நெகட்டிவை வண்டி உடம்போடு சேர்க்கிற எர்த்துக்கும் இப்படித்தான். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் உடம்புக்கும் நடுவில் மீட்டர் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையைக் கழற்றி, பெயின்ட், துரு எல்லாம் போகச் சுரண்டி மாட்டுங்கள். எர்த் பட்டை அறுந்த வண்டியில் செல்ஃப் கரண்டு ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகப் போய் அதைக் கருக்கிவிடுவதும் உண்டு. கேபிள் காரணமில்லாமல் கருகினால் எர்த்தைப் பாருங்கள்.

பேட்டரியைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்து வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்கூட இல்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இரண்டு 12 வோல்ட் பேட்டரியை வரிசையாகக் கோத்துத்தான் லாரியில் 24. பாட்டுக் கேட்க ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்காதீர்கள். அந்தப் பேட்டரி காயும், அடுத்தது சார்ஜ் தாங்காமல் கொதிக்கும், இரண்டும் சேர்ந்து போகும். 24-ஐ 12 ஆக்குகிற கன்வெர்ட்டர் கடையில் கிடைக்கிறது, அதை மாட்டுங்கள். அப்புறம் ஃபியூஸ் போன இடத்தில் கம்பியைச் சுற்றாதீர்கள், வண்டி தீப்பிடிக்கும். பட்டறையில் வெல்டிங் வைப்பதற்கு முன் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள். வணக்கம்.