மரம் நட்டதால் வீடிழந்த வரையாடு

பெரியோர்களே, மாணவச் செல்வங்களே!

காட்டை அழித்தால் விலங்கு அழியும் என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். மரம் நட்டதால் வீட்டை இழந்த விலங்கு ஒன்று நம் மலையிலேயே இருக்கிறது. நம் மாநில விலங்கு வரையாடுதான் அது.

நீலகிரியிலோ பழனி மலையிலோ உச்சிக்கு ஏறிப் பாருங்கள். பள்ளத்தில் சோலை, மேட்டில் புல்வெளி. அந்தப் புல்வெளி வெள்ளைக்காரர் கண்ணுக்குச் சும்மா கிடக்கும் நிலமாகப் பட்டது. விறகுக்கும், தோல் பதனிடும் பட்டைக்குமாக ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸையும், சீகை எனப்படும் வாட்டில் மரத்தையும் கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாமாவது நிறுத்தினோமா? ஆலைக்கு மரக்கூழ் வேண்டுமென்று இன்னும் வேகமாக நட்டோம். பழனி மலையில் நாற்பதே ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டமாகவும் விளைநிலமாகவும் மாறிவிட்டது.

புல் போனால் மேய்ச்சல் போகும், அது எல்லாருக்கும் புரியும். ஆனால் வரையாட்டுக்குக் காவல் அதன் கண். திறந்த சரிவில் மேயும்போது சிறுத்தையோ செந்நாயோ வந்தால் தூரத்திலேயே பார்த்துவிடும். சீழ்க்கை ஒலி எழும்பும். கூட்டம் மொத்தமும் செங்குத்துப் பாறைக்குத் தாவிவிடும். சீகை அடர்ந்த இடத்தில் பத்தடிக்கு அப்பால் என்ன நிற்கிறதென்று தெரியாது. அதற்குள் அது ஏன் நுழையப்போகிறது? இப்படித்தான் ஒரு குன்றிலிருந்து அடுத்த குன்றுக்குப் போகும் வழி அடைபட்டது. தனித்துப்போன சிறு கூட்டத்தில் நோய் புகுந்தாலோ, குட்டிகள் தொடர்ந்து பிழைக்காமல் போனாலோ, அந்தக் குன்றே காலியாகிவிடும். வேறு கூட்டத்துக் கிடா வந்து சேரவும் வழியில்லை. எனக்கு இதுதான் பெரிய கவலை.

2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,365 வரையாடுகள். உலகத்தில் வேறு எந்தக் காட்டிலும் இந்த விலங்கு கிடையாது.

அப்படியானால் சீகையை வெட்டிவிடலாமே என்பீர்கள். வெட்டத்தான் வேண்டும், ஆனால் வெட்டினால் மட்டும் தீராது. அதன் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். வெயில் பட்டாலும் தீ பட்டாலும் திமுதிமுவென்று முளைத்துவரும். கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். அடுத்த ஆண்டும் அதே சரிவுக்குப் போய்ப் பிடுங்க வேண்டும், அதற்கடுத்த ஆண்டும். வெறுமையான இடத்தில் நம் மலைப்புல்லைத் தூர் தூராகப் பிரித்து மழை ஈரத்தில் நட வேண்டும். அந்தப் புல் மூடி வளரும்வரை அந்தச் சரிவைவிட்டு நாம் இறங்கக் கூடாது.