நின்று போகும் வண்டி

நடுவர் அம்மா அவர்களே, எதிரணி நண்பர்களே, டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்தும் பீனிக்ஸிலிருந்தும் டொங்காட்டிலிருந்தும் குடும்பத்தோடு வந்து இந்தக் கோயில் மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, அக்காமார்களே, அண்ணன்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

வளரும் பெரிய நாடுகளில் வட்டாரத்துக்கு வட்டாரம் நிலவும் வருமான இடைவெளியைக் குறைப்பது கடல்கடந்த வாணிபமா, உள்நாட்டுச் சாலையும் ரயிலுமா என்பது இன்றைய தலைப்பு. சாலையும் ரயிலுமே என்று வாதாட வந்திருக்கிறேன். ஆனால் என் பிழைப்பு வாணிபம்தான். நம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை நம்பியிருக்கும் ஒரு சரக்கு அலுவலகத்தில் 22 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கப்பல் வந்தால்தான் என் வீட்டில் அடுப்பு எரியும். ஆகவே வாணிபத்தின் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அது எதுவரை போகும், எங்கே நின்றுவிடும் என்பதை நாள்தோறும் காகிதத்தில் பார்க்கிறவன் நான். அதை மட்டும் சொல்கிறேன்.

என் மேசைக்கு வரும் தாள்களில் பாதிக்கு மேல் ஜொஹானஸ்பர்க் என்றே எழுதியிருக்கும். கப்பலிலிருந்து இறங்கும் கன்டெய்னர் லாரியில் ஏறி, என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாயைக் கடந்து, ஏறத்தாழ 570 கிலோமீட்டர் தள்ளிப் போய் இறங்குகிறது. நாட்டின் நிலப்பரப்பில் 1.5 விழுக்காடு மட்டுமே கொண்ட கௌடெங் மாகாணம் நாட்டு உற்பத்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்கைத் தருகிறது. சரக்கு அங்கே போவதில் வியப்பில்லை. டர்பனிலிருந்து அந்த 570 கிலோமீட்டரில் பாதித் தொலைவில், தெற்கே போண்டோலாந்து என்ற மலைப்பகுதியில் இருக்கிறது லூசிகிசிகி என்ற ஊர். இந்த 22 ஆண்டுகளில் லூசிகிசிகி என்று எழுதிய ஒரு கன்டெய்னர் தாள்கூட என் கைக்கு வந்ததில்லை. துறைமுகம் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். நாட்டின் வாணிபச் சட்டமும் ஒன்றுதான். வேறாக இருப்பது சாலை.

எதிரணித் தலைவர் ஷென்செனைக் காட்டினார். 1980இல் சீனா நான்கு கடலோர ஊர்களைத் திறந்துவிட்டது, சிற்றூராக இருந்த ஷென்சென் பெருநகரம் ஆயிற்று, கோடிக்கணக்கானோர் வறுமையிலிருந்து மீண்டார்கள் என்றார். அத்தனையும் உண்மை. ஆனால் ஐயா பேச்சை நிறுத்திய இடத்தில்தான் நம் தலைப்பு தொடங்குகிறது. கடற்கரை செழித்த அதே ஆண்டுகளில் மேற்கு மாகாணங்கள் பின்தங்கிக்கொண்டே போயின. இடைவெளி சுருங்கவில்லை, விரிந்தது. வாணிபம் தானாக மலையேறும் என்றால், 2000ஆம் ஆண்டில் மேற்குப் பகுதிகளுக்கென்று தனியாக ஒரு வளர்ச்சித் திட்டத்தைச் சீன அரசு தொடங்கியிருக்கத் தேவையே இல்லை. குய்சோ மாகாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கு திரும்பினாலும் மலை, நடுவே பள்ளத்தாக்கு. தனிநபர் வருமானத்தில் நெடுங்காலம் நாட்டிலேயே கடைசி இடம். அங்கே பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு பாலம் கட்டினார்கள். 2015க்குள் ஒவ்வொரு மாவட்டத்தையும் விரைவுச்சாலையோடு இணைத்தார்கள். இன்று குய்சோ கடைசி இடத்தில் இல்லை. அதற்குக் கடல் கிடைக்கவில்லை, பாலம்தான் கிடைத்தது.

இரண்டாவதாகப் பேசிய தங்கை, நம் நாட்டுக் கார் ஏற்றுமதியைப் பெருமையோடு எடுத்துச் சொன்னார். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. நம் ஈஸ்ட் லண்டன் துறைமுக நகரிலும், முன்பு போர்ட் எலிசபெத் என்றிருந்த கெபெர்ஹா பக்கத்திலும் செய்யப்படும் கார்கள் உலகமெங்கும் போகின்றன. ஆனால் அம்மா, அந்தத் தொழிற்சாலைகள் எந்த மாகாணத்தில் இருக்கின்றன? ஈஸ்டர்ன் கேப். வேலையின்மை நாட்டிலேயே மிக மோசமாக இருக்கும் மாகாணங்களில் ஒன்று. ஈஸ்ட் லண்டனில் கப்பலேறும் கார் கடலைத் தாண்டி அயல்நாட்டுக்குப் போய்விடுகிறது. அதே ஈஸ்ட் லண்டனிலிருந்து சுமார் 230 கிலோமீட்டரில் இருக்கும் உம்டாட்டாவுக்கு அந்தக் கூலியின் வாசனைகூடப் போய்ச் சேரவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அதை ஒரே மாகாணத்துக்குள் பார்க்கலாம்.

வாணிபம் கதவைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதை இந்த மண்டபத்தில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. என் சித்தி டர்பனில் ஒரு துணி ஆலையில் சட்டைக் கழுத்துப் பட்டி தைத்தார். தன் கத்தரிக்கோலை வேறு யாரும் எடுத்துவிடாமல் இருக்க, அதன் பிடியில் சிவப்பு நூலைச் சுற்றி வைத்திருப்பார். 1995க்குப் பிறகு இறக்குமதி வரி படிப்படியாக இறங்கியது, வெளிநாட்டுச் சட்டைகள் வந்து குவிந்தன. ஒரு வெள்ளிக்கிழமை சம்பளக் கவரோடு இன்னொரு தாளும் சித்தியின் கைக்கு வந்தது. நம் வீடுகளில் எத்தனை அம்மாக்கள், அக்காக்கள் அப்படித் திரும்பி வந்தார்கள் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். அந்தக் கத்தரிக்கோல் இன்றும் சித்தி வீட்டுச் சமையலறை ஆணியில் தொங்குகிறது, சிவப்பு நூலோடு. மலிவுச் சட்டையால் யாருக்கோ நன்மை கிடைத்திருக்கும், மறுக்கவில்லை. அந்த நன்மையைத் தன்னால் நட்டப்பட்டவர்களிடமும் பின்தங்கியவர்களிடமும் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை வாணிபம் செய்யாது என்பதே என் வாதம். மெக்சிகோவில் வட அமெரிக்கத் தடையற்ற வாணிப ஒப்பந்தம் 1994 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே நாளில்தான் தெற்கே சியாபாஸில் ஏழைப் பழங்குடி உழவர்கள் ஆயுதம் ஏந்தி எழுந்தார்கள். அமெரிக்க எல்லையை ஒட்டிய வடக்கு வளர்ந்தது. சியாபாஸ் இன்றும் அந்நாட்டின் மிக வறிய மாநிலமாகவே இருக்கிறது.

இனி எதிரணியின் மிக வலுவான கேள்விக்கு வருகிறேன். "இந்த நாட்டில் ஏற்றத்தாழ்வை உண்டாக்கியதே உங்கள் ரயில்தானே?" என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான், மழுப்பாமல் பதில் சொல்கிறேன்.

தென்னாப்பிரிக்காவின் முதல் ரயில் ஓடியது இதே டர்பனில், 1860 ஜூன் 26 அன்று. துறைமுக முனையிலிருந்து நகரச் சந்தை வரை சில கிலோமீட்டர் தொலைவுதான். அதே ஆண்டு நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பலில் நம் முன்னோர் இதே துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். ரயிலும் நாமும் ஒரே ஆண்டில் இந்த மண்ணுக்கு வந்தோம். கரும்புத் தோட்டத்துக்கு மட்டுமா நம்மவர்களை அனுப்பினார்கள்? ரயில்வேயும் ஒப்பந்தக் கூலிகளைப் பெருமளவில் வேலைக்கு வைத்தது. 1886இல், இன்று ஜொஹானஸ்பர்க் இருக்கும் விட்வாட்டர்ஸ்ராண்டில் தங்கம் கிடைத்தது. 1895இல் டர்பனிலிருந்து ஜொஹானஸ்பர்க் வரை தண்டவாளம் போய்ச் சேர்ந்தது. அது யாருக்காகப் போடப்பட்டது? சுரங்கத்துக்காக. சுரங்கத்துக்கு இயந்திரம் போகவும், கூலியாள் போகவும் போடப்பட்டது. பிறகு 1913 நிலச் சட்டம் கறுப்பின மக்களுக்கு நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய 7 விழுக்காட்டை ஒதுக்கியது. 1936இல் அது 13 விழுக்காடாக உயர்ந்தது. அந்த ஒதுக்கு நிலங்கள்தாம் பின்னாளில் டிரான்ஸ்கை, சிஸ்கை போன்று, கறுப்பின மக்களுக்கென்று நிறவெறி அரசு பிரித்துவைத்த "தாயகங்கள்" ஆயின. டிரான்ஸ்கையில் அடங்கிய போண்டோலாந்தின் இளைஞர்களைத் தங்கச் சுரங்கத்துக்கு அழைத்துப் போக வழி இருந்தது. அவர்கள் அம்மாக்கள் விளைவித்த சோளத்தைச் சந்தைக்குக் கொண்டுபோக வழி இல்லை. 2012இல் மரிகானா பிளாட்டினச் சுரங்க வேலைநிறுத்தத்தில் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்ட 34 தொழிலாளர்களில் பலர் அந்த மலைகளிலிருந்து போனவர்கள். ஒரு வட்டாரத்தில் சொந்தப் பிழைப்புக்கு வழியே போடாமல், ஆளை வெளியே எடுக்க மட்டும் வழி போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சி எனக்குத் தெரியாது.

இன்னொரு தடத்தையும் பாருங்கள். சிஷென் சுரங்கத்திலிருந்து சல்டானா துறைமுகம் வரை 861 கிலோமீட்டர் நீளத்தில் ஓர் இரும்புத்தாது ரயில்பாதை 1976இல் திறக்கப்பட்டது. அதில் ஓடும் வண்டியின் நீளம் ஏறத்தாழ 4 கிலோமீட்டர். பொறியியல் அருஞ்செயல் என்று சொன்னால் தலைவணங்குகிறேன். ஆனால் வழியில் இருக்கும் சிற்றூர்க்காரன் ஆட்டுக்கம்பளி மூட்டையோடு நின்று கைகாட்டினால் அந்த வண்டி நிற்காது.

நிற்கிறதா, நிற்கவில்லையா? நடுவர் அம்மா, என் வாதம் முழுவதும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. என் தாத்தா டொங்காட் பக்கத்தில் சிறு தோட்டம் வைத்திருந்தார். அவருடைய அப்பா ஒப்பந்தம் முடிந்து குத்தகைக்குப் பிடித்த நிலம் அது. கீரை, கொத்தமல்லி, அவரை, கத்தரி. வடகடற்கரை ரயில் சின்னச் சின்ன நிறுத்தங்களில் எல்லாம் நின்று போகும் என்று ஆயா சொல்வார். விடியுமுன் கொத்தமல்லியைக் கட்டுக் கட்டாகக் கட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, கூடையோடு ஏறிவிடுவார்களாம். வெயில் ஏறுமுன் டர்பன் காலைச் சந்தையில் இருப்பார்கள். வண்டி ஒரு மணி நேரம் தாமதமானால் கொத்தமல்லி வாடிவிடும், வாங்குகிறவர் விலையைப் பாதியாக்குவார். அந்த ஒரு மணி நேரத்தில்தான் என் அப்பாவின் பள்ளிக் கட்டணம் இருந்தது. கரும்பு முதலாளிக்காகப் போட்ட பாதைதான் அது. ஆனால் அது நின்றது. நின்ற இடமெல்லாம் தோட்டம் பிழைத்தது, நாமும் பிழைத்தோம்.

நம் பழந்தமிழ் நிலத்தில் உமணர்கள் கடற்கரை உப்பை வண்டி வண்டியாக உள்நாட்டுக்கு ஏற்றிப்போய் நெல்லுக்கு மாற்றினார்கள். மேடும் பள்ளமும் வண்டியின் அச்சை முறித்துவிடும் என்று, மாற்று அச்சு ஒன்றைக் கூடவே கட்டிக்கொண்டு போனார்கள். அந்த அச்சின் விலையும் முறிந்து நின்ற நாளின் கூலியும் உப்பின் விலையில்தானே ஏறியிருக்கும்? சரக்கை நகர்த்தும் செலவை யார் சுமக்கிறார் என்பதே ஒரு வட்டாரத்தின் தலையெழுத்தாகிவிடுகிறது. இந்தியாவில் 1950களிலிருந்து 1990களின் தொடக்கம் வரை, இரும்பு எங்கே வாங்கினாலும் ஒரே விலை என்று சரக்குக் கட்டணத்தைச் சமன்செய்து வைத்திருந்தார்கள். சுரங்கத்தின் பக்கத்திலேயே இருந்த பீகாரும் ஒரிசாவும் தங்கள் இயற்கையான சாதகத்தை இழந்தன. தொழிற்சாலைகள் மேற்கிலும் தெற்கிலும் எழுந்தன. நம் முன்னோர் பிறந்த தமிழ்நாடும் அதனால் பயன்பெற்ற பக்கத்தில்தான் இருந்தது, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அங்கே வட்டாரங்களின் நிலையை மாற்றியது அயல்நாட்டு வாணிபம் அல்ல, லாரியிலும் ரயிலிலும் ஏறும் டன்னுக்கு விதித்த கட்டணம்.

சாலை போட்டால் ஊரில் மறுநாளே தொழிற்சாலை முளைக்கும் என்று நான் சொல்லவில்லை. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய இந்தியாவின் கிராமச் சாலைத் திட்டம் போன இடங்களில், பலர் வேலை தேடி வெளியூர் போய்வரத் தொடங்கினார்கள், உள்ளூர்ப் பண்ணை வருமானம் பெரிதாக ஏறிவிடவில்லை. ஆனால் காலையில் போய் மாலையில் வீடு திரும்ப முடிவதற்கும், டிசம்பரில் ஒருமுறை மட்டும் வீடு திரும்புவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சுரங்கத் தொழிலாளியின் மனைவியிடம் கேளுங்கள்.

போன ஆண்டு வேலை நிமித்தமாக லூசிகிசிகியைத் தாண்டி ஒரு சிற்றூருக்குப் போனேன். மழை பெய்து செம்மண் தடம் குழைந்து கிடந்தது. ஒரு அம்மா வீட்டுச் சுவரோரம் பூசணிகளை அடுக்கி வைத்திருந்தார். அடியில் இருந்தவை அழுகத் தொடங்கியிருந்தன. சந்தைக்கு ஏன் கொண்டுபோகவில்லை என்று கேட்டேன். பக்கி என்னும் சிறு சரக்கு வண்டிக்காரர் மூட்டைக்கு ஒரு கட்டணம், ஆளுக்கு ஒரு கட்டணம் வாங்குவாராம். மழை நாளில் வரவே மாட்டாராம். மூட்டையை விற்றால் வண்டிக் கூலிதான் மிஞ்சும் என்று விரல் மடக்கிக் கணக்குச் சொன்னார். திரும்பும் வழியில் நகரத்துக் கடையில் பார்த்தேன், பிளாஸ்டிக்கில் சுற்றிய பூசணித் துண்டுகள் விற்பனைக்கு இருந்தன. நெடுந்தொலைவிலிருந்து பெரிய லாரியில் வந்தவை.

அந்தப் பகுதியில்தான் இப்போது எம்சிகாபா ஆற்றுக்கு மேல் 580 மீட்டர் நீளத்தில் கம்பிவடப் பாலம் எழுந்துகொண்டிருக்கிறது. அருகே எம்டெண்டு பள்ளத்தாக்கில் 220 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இன்னொரு பாலம். புதிய என்2 சாலை முடிந்தால் டர்பனுக்கும் ஈஸ்ட் லண்டனுக்கும் இடையே சுமார் 85 கிலோமீட்டர் குறையும். அந்தப் பகுதியின் அமாடிபா கடற்கரை மக்களில் பலர் அந்த வழித்தடத்தை எதிர்த்தார்கள். சாலைக்குப் பின்னால் சுரங்கக்காரர்கள் வருவார்கள் என்று அஞ்சினார்கள். 1895ஐ அறிந்தவர்கள் அந்த அச்சத்தை எளிதாகத் தள்ளிவிட மாட்டார்கள், நானும் தள்ளவில்லை. அந்தப் பாலத்தை லாரிகள் நிற்காமல் பறப்பதற்கு மட்டும் கட்டினால் நான் எதிரணியில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். ஆனால் பாலத்தின் இரு முனையிலிருந்தும் ஊர்களுக்குள் தார்ச்சாலை போக வேண்டும். பஸ் நின்று போக வேண்டும். மழை நாளிலும் பக்கி வர வேண்டும்.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன் அம்மா. நான் புறப்பட்டபோது அந்த அம்மா ஒரு பூசணியை என் வண்டியில் வைத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். "டர்பன்வரை போகும் வண்டி, ஒன்றாவது போய்ச் சேரட்டும்" என்றார். வாய்ப்பளித்ததற்கு நன்றி, வணக்கம்.