எந்தக் கடனை முதல்ல அடைக்கிறது? சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. கொஞ்சம் நீளமா எழுதியிருக்காங்க, சுருக்கிச் சொல்றேன். மாசம் கைக்கு 45,000 வருது. கிரெடிட் கார்டுல ஒரு லட்சம் பாக்கி நிக்குது, அதுக்கு மாசாமாசம் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிட்டு வர்றாங்க. ஒரு தனிநபர் கடன் இருக்கு, தவணை 6,000. நண்பர்கிட்ட வாங்கின கைமாத்து 20,000. "ஆடம்பரமா நாங்க எதுவும் செய்யல. சிக்கனமாத்தான் இருக்கோம். ஆனாலும் கடன் குறையவே மாட்டேங்குது. எதை முதல்ல அடைக்கணும்? எல்லாத்தையும் சேர்த்து ஒரே கடனா மாத்திடலாமா?" இதுதான் கேள்வி.

ரெண்டுக்கும் பதில் இருக்கு, வர்றேன். அவங்க கேக்காத ஒண்ணை முதல்ல பார்த்துடலாம். அந்த ஒரு லட்சம் எப்படிச் சேர்ந்துச்சு? சிக்கனமா இருக்கோம்னு சொல்றாங்க, நான் நம்புறேன். அப்படின்னா கார்டுல ஏறினது என்ன?

கார்டு பில் கடைசி 12 மாசத்தை எடுத்து வைங்க. சில்லறைச் செலவையெல்லாம் விட்டுடுங்க, பெரிய தொகையை மட்டும் வட்டம் போடுங்க. இன்சூரன்ஸ் பிரீமியம் இருக்கும். பிள்ளைங்களோட படிப்புக் கட்டணம் இருக்கும். வண்டிக்கு டயர் மாத்தினது, சொந்தக்காரங்க வீட்டு விசேஷம், மூக்குக் கண்ணாடி, உடைஞ்ச போனுக்குப் பதிலா வாங்கின போன். இதையெல்லாம் "திடீர்னு வந்த செலவு"ன்னு சொல்லுவோம். எது திடீர்னு வந்துச்சு? பிரீமியத்துக்குத் தேதியே தெரியும். டயர் தேயுறது கண்ணுக்குத் தெரியுது. இதெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற செலவு. நாம கணக்கை மாசத்துக்குப் போடுறதால மாசக் கணக்குல இது எங்கயுமே இல்ல. 11 மாசம் வரவுக்குள்ள செலவு பண்றோம்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம், 12ஆவது மாசம் கார்டை நீட்டுறோம். சிக்கனமா இருக்கிற வீட்டுலயும் கடன் ஏறுறதுக்கு இதுதான் முக்கியமான காரணம்னு நான் சொல்லுவேன்.

அதனால ஒரு பேப்பர் எடுத்து அந்த வருஷச் செலவையெல்லாம் எழுதிக் கூட்டுங்க. 72,000 வருதுன்னு வைங்க. 12ஆல வகுத்தா மாசம் 6,000. சம்பளம் வந்த அன்னிக்கே இந்த 6,000 வேற ஒரு அக்கவுன்டுக்குப் போயிடணும். அந்த அக்கவுன்டுக்கு ஏ.டி.எம். கார்டும் வேண்டாம், போன்ல பணம் அனுப்புற ஆப்போட இணைப்பும் வேண்டாம்.

இதுல முதல் வருஷம் ஒரு சிக்கல் வரும். பலபேர் இந்த இடத்துலதான் முறையே சரியில்லன்னு விட்டுடுறாங்க. 18,000 பிரீமியம், இன்னும் 3 மாசத்துல கட்டணும்னு வைங்க. நீங்க மாசம் 1,500 எடுத்து வெச்சா அதுக்குள்ள 4,500தான் சேர்ந்திருக்கும். அதனால முதல் சுற்றுல மட்டும் 12ஆல வகுக்காதீங்க, மிச்சம் இருக்கிற மாசத்தால வகுங்க. 18,000ஐ 3ஆல வகுத்தா மாசம் 6,000. அதைக் கட்டி முடிச்ச பிறகு மாசம் 1,500 போதும். முதல் நாலஞ்சு மாசம் கை கடிக்கும், அப்புறம் சமமாயிடும்.

இப்போ உங்க வருமானத்தைத் திரும்பப் பாருங்க. 45,000ல வருஷச் செலவுக்கு 6,000 போச்சு, தனிநபர் கடன் தவணைக்கு 6,000 போச்சு. உங்க கையில இருக்கிறது 33,000தான். இத்தனை நாளா 45,000 வருதுன்னு நினைச்சு வீட்டு வாடகையும் மத்ததும் முடிவு பண்ணியிருக்கீங்க. வருமானம் மாசத்துக்கு மாசம் மாறுறவங்க இதுக்குச் சராசரி எடுக்காதீங்க. கடைசி 12 மாசத்துல எது குறைஞ்ச மாசமோ அதை வெச்சுக் கணக்குப் போடுங்க. அதிகமா வர்ற மாசத்துல மிஞ்சுறது குறையுற மாசத்துக்குப் போகணும்.

33,000ல கார்டுக்கு 5,000, நண்பருக்கு 1,000, வாடகை, கரண்ட், போன் மாதிரி நிலையாப் போறது 11,500னு வைங்க. மிச்சம் 15,500. இதுதான் அன்றாடச் செலவுக்கு. இதை வாரக் கணக்காப் பிரிச்சுக்கிட்டா கட்டுப்படுத்துறது சுலபம். ஆனா 4ஆல வகுக்காதீங்க. 4ஆல வகுத்தா வாரத்துக்கு 3,875 வரும், 28ஆம் தேதியோட பணம் தீர்ந்துடும். மாசத்துக்கு 31 நாள் வரைக்கும் இருக்கே! அந்தக் கடைசி 3 நாளுக்குத்தான் கார்டு வெளியில வரும். 31ஆல வகுங்க, ஒரு நாளைக்கு 500. 7ஆல பெருக்குங்க, வாரத்துக்கு 3,500. ஒவ்வொரு வாரமும் அந்தத் தொகையை மட்டும் செலவு அக்கவுன்டுக்கு மாத்துங்க. ஒரு வாரம் கூடுதலாப் போயிடுச்சுன்னா அடுத்த வாரத்துல கழிச்சுக்கலாம், மாசக் கடைசி வரைக்கும் தெரியாமலே இருக்காது.

ஒருவேளை இந்தக் கணக்கைப் போட்டதும் மைனஸ்ல வந்தா? அப்போ சில்லறைச் செலவைக் குறைச்சு ஒண்ணும் ஆகாது. வாடகை, வண்டி, தவணை, இந்த மூணுல ஒண்ணைத்தான் மாத்தணும். அது கஷ்டமான முடிவுதான், தெரியும். ஆனா மாசம் 3,000 துண்டு விழுற வீட்டுல சில்லறைச் செலவை மட்டும் இறுக்கிப் பிடிச்சா கோபம்தான் மிஞ்சும்.

சரி, கார்டுக்கு வருவோம். மாசம் 3 சதவீத வட்டி, குறைந்தபட்சத் தொகை பாக்கியில 5 சதவீதம்னு வைங்க. உங்க பில்லுல இந்த ரெண்டும் போட்டிருக்கும், அதைப் போட்டுப் பாருங்க. ஒரு லட்சத்துக்கு முதல் மாசம் 5,000 கட்டுவீங்க. மிச்சம் 95,000க்கு வட்டி ஏறி அடுத்த பில் 97,850ன்னு வரும். கட்டினது 5,000, குறைஞ்சது 2,150. இப்படியே 12 பில் கட்டினா மொத்தம் 53,000க்கு மேல கட்டியிருப்பீங்க, பாக்கி இன்னும் 77,000 நிக்கும். ஏன் இப்படின்னா, பாக்கி குறையக் குறைய குறைந்தபட்சத் தொகையும் கூடவே குறையுது. நாமளும் பரவாயில்லையே, இந்த மாசம் கம்மியாக் கேக்குறாங்களேன்னு கம்மியாவே கட்டுறோம். இப்படிப் போனா பாக்கி 10,000க்கு இறங்கவே கிட்டத்தட்ட 9 வருஷம் ஆகும்.

அதனால பில்லுல என்ன போட்டிருந்தாலும் சரி, முதல் மாசம் கட்டின அதே 5,000ஐக் குறைக்காம கட்டுங்க. வேற எதையும் மாத்த வேண்டாம். 30 மாசத்துல முடிஞ்சிடும், வட்டி ஏறக்குறைய 48,000 ஆகும். அதையே 8,000 ஆக்க முடிஞ்சா 16 மாசம்தான், வட்டி 22,500 பக்கம் வரும். மாசம் 3,000 கூட்டினதுக்குப் பாதிக்கு மேல வட்டி மிச்சம். ஆனா ஒரு நிபந்தனை, இதுக்கு நடுவுல அந்தக் கார்டுல புதுசா எதுவும் வாங்கக் கூடாது. பழைய பாக்கி நிக்கிற வரைக்கும் பொதுவா அந்த 40, 45 நாள் வட்டியில்லாத காலமெல்லாம் கிடையாது. வாங்கின அன்னிக்கே வட்டி ஆரம்பிச்சிடும். கார்டுல ரொக்கம் எடுக்கிறது அதைவிட மோசம், எடுத்த நாள்லயிருந்து வட்டி, அதுக்குத் தனியா கட்டணமும் பிடிப்பாங்க.

எதை முதல்ல அடைக்கிறதுங்கிறதுக்குப் பதில் இதுலயே வந்துடுச்சு. எல்லாக் கடனுக்கும் கட்ட வேண்டிய தவணையைத் தவறாமக் கட்டுங்க, கூடுதலா இருக்கிறதை வட்டி அதிகமான ஒரே கடனுக்குக் கொண்டு போங்க. உங்களுக்கு அது கார்டு. சின்னக் கடனை முதல்ல முடிச்சா தெம்பு வரும்னு சொல்றவங்களும் இருக்காங்க. மனசுக்கு அது உதவும், ஆனா உங்க சின்னக் கடன் வட்டியே இல்லாத கைமாத்து. அதை முதல்ல அடைச்சுட்டு 3 சதவீதத்தைக் காத்திருக்க வைக்கிறது நஷ்டம். நண்பர்கிட்ட நேராப் போய், "மாசம் 1,000, 20 மாசம், இந்தத் தேதிக்கு வந்துடும்"னு சொல்லிடுங்க. அவருக்கே அவசரம்னா அது வேற பேச்சு, அவருக்கு முதல்ல கொடுங்க. பொருள் அடகுல இருந்தா அந்தத் தவணையை மட்டும் எந்த மாசமும் விடாதீங்க, பொருள் ஏலத்துக்குப் போயிடும்.

இன்னொண்ணு, கூடுதல் பணம் ஏதாவது வந்தா, போனஸ் மாதிரி, அதை அப்படியே முழுசா கார்டுல கட்டிடாதீங்க. முதல்ல ஒரு மாசத்துச் சாப்பாடு, வாடகைக்கான பணத்தைத் தனியா வைங்க. இது நிஜமாவே திடீர்னு வர்ற செலவுக்கு, ஆஸ்பத்திரி, வேலை போறது மாதிரி. அது இல்லைன்னா கட்டின அடுத்த வாரமே அதே கார்டைத் தேய்ப்பீங்க.

ஒரே கடனா மாத்தலாமான்னு கேட்டீங்க. மாத்தலாம், ஆனா காலத்தைப் பார்த்து மாத்தணும். கார்டுல இருக்கிற ஒரு லட்சத்தை 14 சதவீத வட்டியில 2 வருஷத்துக்கு மாத்தினா தவணை 4,800, மொத்த வட்டி 15,200. நீங்க இப்போ கார்டுக்குக் கட்டுற 5,000க்குள்ளயே வந்துடுது. ரொம்ப நல்லது, செய்யுங்க. ஆனா அங்க உங்களுக்கு முதல்ல காட்டுறது 5 வருஷமா இருக்கலாம். தவணை 2,330தான்னு கேக்கவே இனிப்பா இருக்கும். வட்டி மட்டும் 39,600 போகும். 36 சதவீதக் கார்டுலயே மாசம் 8,000 கட்டி முடிக்கிறதுக்கு ஆகுற வட்டியைவிட இது அதிகம். வட்டி விகிதம் குறைஞ்சாலும் காலம் நீண்டா பணம் கூடத்தான் போகும்.

அதோட, வட்டி எந்த முறைன்னு கேளுங்க. குறையுற பாக்கிக்கு வட்டியா, இல்ல கடைசி வரைக்கும் முழுத் தொகைக்கும் வட்டி போடுற ஃபிளாட் முறையா? ஃபிளாட் 12 சதவீதம்னா ஒரு லட்சத்துக்கு 2 வருஷத்துல வட்டி 24,000. குறையுற பாக்கிக்கு அதே 12 சதவீதம்னா 13,000தான். அதாவது ஃபிளாட் 12ஐவிட அந்த 14 சதவீதக் கடன் மலிவு. பேர் எதுவா இருந்தாலும் ஒரே கணக்கு போடுங்க: தவணையை மாசத்தால பெருக்கி, கைக்கு நிஜமா வர்ற பணத்தைக் கழிங்க. அதுதான் நீங்க கொடுக்கிற விலை. கைக்கு வர்ற பணம்னு ஏன் சொல்றேன்னா, 2 சதவீதக் கட்டணம் பிடிச்சுக்கிட்டு 98,000 தருவாங்க, கார்டுல 2,000 அப்படியே தொங்கும்.

மாத்தின பிறகு கார்டு காலியா இருக்கும், ஒரு லட்சம் லிமிட் திரும்பக் கிடைச்சிருக்கும். கடன் ரெண்டாகுறது இங்கதான். அன்னிக்கே லிமிட்டை 20,000க்குக் குறைக்கச் சொல்லுங்க, ஆப்கள்ல சேமிச்சு வெச்சிருக்கிற கார்டு நம்பரை அழிச்சிடுங்க. மூடிடறதுன்னா முதல்ல அந்தக் கார்டுல தானாப் போற பில்களை வேற அக்கவுன்டுக்கு மாத்துங்க. இல்லன்னா ஏதாவது ஒண்ணு கட்டாம நின்னு அபராதம் வரும்.

கார்டு முடிஞ்சதும் அந்த 5,000ஐச் செலவுல கலக்க விடாதீங்க, தனிநபர் கடன்ல பகுதிப் பணமாக் கட்டுங்க. கட்டும்போது தவணைத் தொகையைக் குறைக்கவா, மாசத்தைக் குறைக்கவான்னு கேப்பாங்க, மாசத்தைக் குறைங்கன்னு எழுதிக் கொடுங்க. முன்கூட்டிக் கட்டினா கட்டணம் உண்டான்னும் கேட்டுக்குங்க. கட்டணம் இருந்தா மாசாமாசம் கட்டாம, மிச்சமாகுற வட்டி அதைத் தாண்டுற அளவுக்குச் சேர்த்து வெச்சுக் கட்டலாம்.

கார்டை மூடுறவங்களுக்கு ஒண்ணு. கடைசிப் பில்லை முழுசாக் கட்டின பிறகும் அடுத்த மாசம் ஒரு சின்னத் தொகை வரும். பில் போட்ட தேதியிலயிருந்து நீங்க கட்டின தேதி வரைக்குமான வட்டி அது. முடிஞ்சுதுன்னு நினைச்சு அந்தப் பில்லைத் திறந்தே பார்க்காம விட்டுட்டு, அதுக்குத் தாமதக் கட்டணம் ஏறி வந்து நிப்பாங்க. அதையும் கட்டிட்டு, பாக்கி இல்லைன்னு எழுத்துல வாங்கி வைங்க. சரி, அடுத்த கேள்வி பார்க்கலாம்.