கை ஏன் தடித்தது? நுரையீரலுக்குள் நடந்த கதை

வணக்கம் மக்களே. முதலில் இந்தப் படத்தைப் பாருங்கள். என் இடது முன்கை. பேனாவால் வட்டம் போட்டிருக்கிறதே, அதற்குள் தடித்துக் கிடப்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

ரூம்மேட்டுக்கு டிபி என்று தெரிந்ததும், கூடத் தங்கியிருந்த எங்கள் மூன்று பேரையும் டெஸ்டுக்கு வரச் சொன்னார்கள். தோலுக்குள் மெல்லிய ஊசியால் ஒரு சொட்டு மருந்து, கொசு கடித்தாற்போல் ஒரு குமிழ், அவ்வளவுதான். மூன்றாம் நாள் நர்ஸ் அக்கா ஸ்கேல் வைத்து அளந்தார். சிவந்த இடத்தை விட்டுவிட்டு, விரலுக்குத் தட்டுப்படும் தடிப்பை மட்டும். 14 மில்லிமீட்டர்! இங்கே 10 வந்தாலே பாசிட்டிவ்.

அந்தச் சொட்டில் உயிருள்ள கிருமி ஒன்றுகூட இல்லை, டிபி கிருமியின் புரதங்கள்தான். வெறும் புரதத்துக்கு என் தோல் ஏன் இவ்வளவு கோபப்பட வேண்டும்?

மூச்சோடு போகும் கிருமி நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை இறங்கிவிடும். அங்கே காவலுக்கு இருப்பது மேக்ரோஃபேஜ் என்கிற நோய் எதிர்ப்பு செல். தூசு, பாக்டீரியா, எது வந்தாலும் விழுங்கும். விழுங்கியதை ஒரு பைக்குள் வைத்து, அமிலமும் நொதியும் நிறைந்த இன்னொரு பையோடு இணைத்துக் கரைக்கப் பார்க்கும். டிபி கிருமி அந்த இணைப்பையே தடுத்துவிடுகிறது. போதாததற்கு, அதன் உறையில் இஎஸ்எக்ஸ்-1 என்று பம்பு மாதிரி ஓர் ஏற்பாடு. ஈசாட்-6 என்கிற குட்டிப் புரதத்தை அது வெளியே தள்ளும். இந்தப் பம்பு ஓடினால்தான் பையின் சவ்வு சேதமாகும். தின்ன வந்தவன் வயிற்றிலேயே குடித்தனம்!

ஆனால் மாட்டிவிடுவதும் அதே புரதம்தான். வேறு சில செல்கள் கிருமியின் புரதத் துண்டுகளை நிணநீர்க் கணுவுக்குத் தூக்கிப்போய், எதிரியை அடையாளம் கண்டுகொள்ளும் டி செல்களிடம் காட்டும். ரொம்ப நிதானமான வேலை, வாரக்கணக்கில் ஆகும். அப்புறம் டி செல்கள் நுரையீரலுக்கு வந்து இன்டர்ஃபெரான் காமா என்கிற சமிக்ஞைப் புரதத்தைச் சுரந்ததும், மேக்ரோஃபேஜ் முறுக்கேறிவிடும். அழிக்க முடியாத கிருமியைக்கூடச் சுற்றி வளைத்து அடைத்துப் போடும். பார்த்த புரதத்தை அந்த டி செல்கள் சுலபத்தில் மறப்பதில்லை. என் கையில் கூட்டம் போட்டதும் அவைதான்.

சரி, ஒரு சிக்கல். எனக்குக் குழந்தையில் போட்ட டிபி தடுப்பூசியான பிசிஜியின் தழும்பு இருக்கிறது. கை தடித்தது அதனாலா, டிபி கிருமியாலா? கால்மெட், கெரான் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் 1908 முதல் 1921 வரை மாட்டு டிபி கிருமியைப் பித்தநீர் சேர்த்த உருளைக்கிழங்கில் 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்து உண்டாக்கியதுதான் பிசிஜி. பதின்மூன்று வருஷம் உருளைக்கிழங்கு, அந்தப் பொறுமை எனக்கு வராது. அந்த வளர்ப்பில் கிருமி தொலைத்த மரபணுத் துண்டில் ஈசாட்-6 இருந்தது! ஆக, பிசிஜி மட்டும் போட்ட உடம்புக்கு ஈசாட்-6 யாரென்றே தெரியாது. அதனால் ரத்தம் எடுத்து, ஈசாட்-6, அதோடு சேர்ந்து தொலைந்த இன்னொரு புரதமான சிஎஃப்பி-10 இரண்டின் துண்டுகளையும் அதில் கலந்து ஒரு ராத்திரி வைக்கிறார்கள். இன்டர்ஃபெரான் காமா கூடினால், பழி பிசிஜி மேல் போகாது.

எனக்குக் கூடியிருந்தது. எக்ஸ்ரே சுத்தம், இருமலும் இல்லை. உள்ளே அடைபட்டுக் கிடக்கிறது என்றார் டாக்டர். வாரம் ஒருமுறை, பன்னிரண்டு வாரம் மாத்திரை. நேற்று நான்காவது. மாத்திரை போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். முதல் நாள் பாத்ரூமில் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ரூம் பையன் ஓடி வந்துவிட்டான்.