மீனை வெளியே எடுத்துப் போட்டா ஏன் சாகுது?

அடுத்த கேள்வி. "தண்ணிங்கிறதே ஹெச் டூ ஓ தானே, அதை உடைச்சுத்தான் மீன் ஆக்சிஜன் எடுக்குதா? காத்துல அதைவிட நிறைய ஆக்சிஜன் இருக்கே, வெளியே போட்டா ஏன் சாகுது? செவுள் மூச்சுக்குன்னே வந்த உறுப்பா?"

உடைக்கிறதெல்லாம் மீனால ஆகாதுங்க. சோடாவுல கேஸ் கரைஞ்சிருக்கிற மாதிரி, தண்ணியில கரைஞ்சிருக்கிற ஆக்சிஜனைத்தான் எடுக்குது. அது ரொம்பக் கம்மி. ஒரு லிட்டர் காத்துல சுமார் 210 மில்லி இருக்குன்னா, 25 டிகிரி நல்ல தண்ணியில லிட்டருக்கு 6 மில்லிதான். தண்ணி காத்தைவிட 800 மடங்கு அடர்த்தி வேற. நம்ம மாதிரி உள்ள இழுத்து அதே வழியா வெளியே தள்ளினா, கிடைக்கிறது அந்த உழைப்புக்கே சரியாப் போயிடும். அதனால ஒருவழிப் பாதை: வாயில போற தண்ணி செவுள் மூடி வழியா வெளியேறும்.

மீன் வாங்கும்போது அந்த மூடியைத் தூக்கிப் பாப்பீங்கல்ல? சிவப்பா சீப்பு மாதிரி இருக்கும். பக்கத்துக்கு நாலு வளைவு, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு வரிசை இழை. இழைக்கு மேலயும் கீழயும் பொடிப்பொடியா மெல்லிய தகடுகள். வேலையெல்லாம் அந்தத் தகட்டுலதான். ரத்தத்துக்கும் தண்ணிக்கும் நடுவுல சில மைக்ரான் தோல்தான் இருக்கு.

சூட்சுமம் எங்கன்னா, தகட்டுக்குள்ள ரத்தம் தண்ணிக்கு எதிர்த்திசையில ஓடுது. ஒரே திசையில ஓடினா பாதியிலயே ரெண்டும் சமமாயிடும், தண்ணியில இருக்கிற ஆக்சிஜன்ல 50 சதவீதத்துக்கு மேல ரத்தத்துல ஏறாது. எதிரெதிரா ஓடும்போது, ஏற்கனவே நிறைஞ்ச ரத்தம் புதுத் தண்ணியைப் பாக்கும், காலி ரத்தம் சத்து இறங்கின தண்ணியைப் பாக்கும். எந்த இடத்துலயும் தண்ணிப் பக்கம் ஆக்சிஜன் கொஞ்சம் கூடவே இருக்கும். 80 சதவீதம் வரைக்கும்கூட உறிஞ்சிடும்.

இப்போ வெளியே எடுங்க. தண்ணியிலதான் அந்தத் தகடுகள் விலகி நிக்கும். தண்ணி இல்லேன்னா நனைஞ்ச நோட்டுத் தாள் மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். பரப்பு போச்சு. சுத்தி எவ்வளவு ஆக்சிஜன் இருந்தாலும் உள்ள இறங்க இடமில்ல, கார்பன் டை ஆக்சைடும் வெளியே போக முடியாம ரத்தத்துலயே தேங்கும்.

விரால் மட்டும் எப்படித் தாங்குதுன்னு கேப்பீங்க. அதுக்குச் செவுளுக்கு மேல காத்துக்குன்னே தனி அறை இருக்கு. மேல வரவிடாம வலையில அமுக்கி வச்சா, தண்ணிக்குள்ளயே மூச்சு முட்டிச் செத்துப்போகும்!

கடைசிக் கேள்வி. முதுகெலும்பிகளுக்கு நெருங்கின உறவான ஆம்பியாக்சஸ்ங்கிற மீன் மாதிரி இருக்கிற சின்னக் கடல் பிராணியைப் பாருங்க. தொண்டையில வரிசையா பிளவு இருக்கு, ஆனா அது இரை வடிகட்ட. மூச்சு பெரும்பாலும் தோல் வழியா. அப்போ பிளவு முதல்ல சாப்பாட்டுக்கு வந்துச்சு, செவுள் பிற்பாடு அதுல குடியேறிச்சுன்னு எடுத்துக்கலாம். மீன் குஞ்சுலயும் பாருங்க, பொரிச்ச புதுசுல ஆக்சிஜன் தோல் வழியா வந்துடும். செவுள் முதல்ல ஏத்துக்கிற வேலை உடம்பு உப்பைச் சரிக்கட்டுறது. அதை வச்சு, செவுளோட ஆதி வேலையே உப்புதான்னு வாதாடுறவங்களும் இருக்காங்க.