பிரிந்த பின்னும் கைப்பேசியில் இருப்பவர்

அனைவருக்கும் வணக்கம். காதல் முறிந்து மாதக்கணக்கில் ஆகியும் மனம் ஆறவில்லையே என்று தவிப்பவர்களிடம், இன்று அவர்களுடைய கைப்பேசியைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

இரவில் வாட்ஸ்அப்பைத் திறந்து, ஒரு வார்த்தையும் அனுப்பாமல், அந்தப் பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று தோன்றுகிறதா எனப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். தோன்றினால் யாரிடம் பேசுகிறார் என்ற கேள்வி, தோன்றாவிட்டால் எங்கே போனார் என்ற கேள்வி. நம் இன்ஸ்டாகிராம் ஸ்டோரியைப் பார்த்தவர்களில் அவர் பெயரும் இருந்துவிட்டால், அதற்கு ஓர் அர்த்தம் கற்பித்துக்கொண்டு விடியும்வரை விழித்திருக்கிறோம்.

அமெரிக்க மானிடவியலாளர் ஹெலன் ஃபிஷரும் அவருடைய குழுவினரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், காதலில் கைவிடப்பட்ட 15 பேருக்கு முன்னாள் துணையின் படத்தைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தபோது, போதைப்பொருள் ஏக்கத்துடன் தொடர்புடைய பகுதிகள் தூண்டப்பட்டதைக் கண்டார்கள். பிரிட்டனின் புரூனல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாரா மார்ஷல் 464 பேரை வைத்துச் செய்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், முன்னாள் துணையின் ஃபேஸ்புக் பக்கத்தை அடிக்கடி பார்த்தவர்களிடம் வேதனையும் ஏக்கமும் கூடுதலாக இருந்தன. பார்ப்பதால் வேதனையா, வேதனையால் பார்க்கிறார்களா என்பதை அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே, பிளாக் செய்துவிடுங்கள் என்பதே என் கருத்து. மியூட் செய்தால் அவருடைய பதிவுகள் தாமாக வந்து நிற்காது, ஆனால் பெயரைத் தட்டித் தேடிப் போகும் விரலை அது தடுக்காது. பிளாக் செய்வது பகையாகிவிடுமோ என்று தயங்குகிறவர்கள் பலர். ஆறாத புண்ணுக்குக் கட்டுப் போடுவதை யாரும் பகை என்று சொல்வதில்லை.

வாட்ஸ்அப்பில் பிளாக் செய்தவர் கூகுள் பேயில் அப்படியே இருப்பார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மளிகைக்கடையில் பணம் அனுப்பத் திறக்கும்போது அந்த முகம் வரிசையில் நிற்கிறது. தொட்டால், டீக்கு அனுப்பிய 30 ரூபாயும், சினிமா டிக்கெட்டில் அவர் பங்காகத் தந்த தொகையும், பேருந்தில் ஏறும் அவசரத்தில் கேட்டு வாங்கிய 50 ரூபாயும் தேதியோடு விரிகின்றன. சேர்ந்து கழித்த சாதாரண நாட்களை இவ்வளவு துல்லியமாக எந்தப் புகைப்படமும் சொல்வதில்லை என்பதால், அங்கேயும் தனியாக பிளாக் செய்ய வேண்டும்.

கூகுள் போட்டோஸ் காட்டும் நினைவுகளில் குறிப்பிட்ட முகத்தையோ தேதிகளையோ மறைத்துவைக்கும் வசதி செட்டிங்ஸில் இருக்கிறது. படங்களை அழிப்பதா வேண்டாமா என்பதை மனம் நிதானமாக இருக்கும் ஒரு நாளில் முடிவு செய்துகொள்ளலாம். நண்பர்களிடம் அவரைப் பற்றி விசாரிப்பதும், வேறொரு கணக்கிலிருந்து எட்டிப் பார்ப்பதும் இதே பழக்கம்தான். தயவுசெய்து அவற்றையும் விட்டுவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் உறக்கமும் உணவும் பிடிக்காமல் வாரங்கள் கழிந்தால், அல்லது உயிரோடு இருப்பதே பாரம் என்று ஒரே ஒரு நாள் தோன்றினாலும்கூட, டெலி மானஸ் என்னும் அரசின் இலவச மனநல உதவி எண்ணான 14416-ஐ உடனே அழையுங்கள். இரவு பகல் எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம்.