ஆளாக்குகிறது, நடுவர் அவர்களே!

(தேவனாம்பட்டினம் பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: ‘அயல்நாட்டு வேலை நம் இளைஞர்களை ஆளாக்குகிறதா, அந்நியராக்குகிறதா?’ ‘ஆளாக்குகிறது’ அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், எனக்கு முன்னால் பேசிப் பாதிக் கூட்டத்தை அழ வைத்துவிட்டு நிம்மதியாகப் போய் சுக்கு காபி குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி அண்ணனுக்கும், கடல் காற்றையும் கொசுக்கடியையும் சேர்த்தே பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தேவனாம்பட்டினத்துப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும் வணக்கம்.

அண்ணன் மூன்று விஷயம் சொன்னார். ஒன்று, போகிறவன் கடனோடு போகிறான். இரண்டு, குவைத்தில் தீயில் சிக்கிச் செத்தார்கள். மூன்று, அப்பா செத்தால் பிள்ளை வர முடியவில்லை. மூன்றுக்கும் வருகிறேன், ஓட மாட்டேன். ஆனால் இருபது நிமிடம் பேசியவர் ஒரு இடத்துக்கு மட்டும் போகவே இல்லை ஐயா. சமையல்கட்டு! ஆம்பளை இல்லையா, அந்தப் பக்கம் போய்ப் பழக்கமில்லை. (கைதட்டல்) நான் அங்கிருந்துதான் ஆரம்பிக்கப் போகிறேன்.

நான் துபாயில், ஜெபல் அலி துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் ஒரு சரக்குக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். என் சித்தி மகன் ஒருவன் அதே ஊரில், அல்கூஸ் பக்கம் தொழிலாளர்கள் தங்கும் கேம்பில் இருக்கிறான். நெல்லிக்குப்பத்துப் பையன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். வீட்டில் எப்படிப்பட்டவன் தெரியுமா? சாப்பிட்ட தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போகிறவன். தட்டை எடுக்க அம்மா, அம்மா இல்லையென்றால் தங்கச்சி. அவனைக் குறை சொல்லவில்லை. அவன் அப்பாவும் அப்படித்தான், தாத்தாவும் அப்படித்தான். மூன்று தலைமுறையாக அந்தத் தட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

கேம்பில் ஒரு ரூமுக்கு எட்டுப் பேர். மேலே ஒரு கட்டில், கீழே ஒரு கட்டில். கதவுக்குப் பின்னால் டேப் போட்டு ஒரு தாள் ஒட்டியிருக்கும். செவ்வாய்க்கிழமை சமையல் யார், பாத்திரம் யார், கக்கூஸ் கழுவுவது யார், எல்லாம் அதில் பேர் போட்டு எழுதியிருக்கும். இவன் முறை வந்த முதல் நாள் சாம்பார் வைத்தான். புளியைக் கரைக்க வேண்டும் என்பது தெரியாது. உருண்டையாகவே பருப்புக்குள் போட்டுவிட்டான். எட்டுப் பேரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். வேறு வழி? விடிந்தால் வேலைக்குப் போகிற வண்டி வந்துவிடும். அடுத்த செவ்வாய்க்கிழமை தூத்துக்குடிக்காரர் ஒருவர், வயதில் மூத்தவர், பக்கத்தில் வந்து நின்று, “தம்பி, புளிய ஊற வையி” என்றார். அவ்வளவுதான் பள்ளிக்கூடம். மற்ற நாளெல்லாம் சித்தி வீடியோவில் வகுப்பு எடுத்தார். அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் பேச்சு வராது, பாட்டிம் என்று ஒன்று இருக்கிறது, அதில்தான் பேச வேண்டும். அடுப்பு மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, “எம்மா, இப்ப மீனப் போடலாமா?” என்பான். “கொதி வரட்டும்டா, அவசரப்படாத” என்பார் சித்தி இங்கேயிருந்து.

போன லீவுக்கு ஊருக்கு வந்தான். சாப்பிட்டான், எழுந்தான், தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிக் கவிழ்த்தான். வீடே ஸ்தம்பித்துவிட்டது ஐயா! ஆயா சொன்னார்: “புள்ளைக்கு யாரோ என்னமோ பண்ணிட்டாங்க. பாடலீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போ.” தங்கச்சிக்காரி மட்டும் காலை நீட்டி உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அண்ணன் சொன்னாரே, “திரும்பி வருகிறவன் வீட்டோடு ஒட்டமாட்டேன் என்கிறான், அந்நியமாகிவிட்டான்” என்று? அந்நியம் என்பது இதுதான் என்றால், நடுவர் அவர்களே, கடலூர் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் அந்நியமாகட்டும்.

இன்னொன்றும் செய்தான் அவன். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை திறந்தவெளியில் வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. மீறினால் கம்பெனிக்கு அபராதம். இது ஃபோர்மேனுக்குத் தெரிந்ததைவிட இவனுக்கு நன்றாகத் தெரியும். லீவில் வந்தவன், கரும்பு வெட்டப் போகிற மாமாவிடம், “மத்தியானம் எத்தனை மணிக்கு மாமா நிறுத்துவாங்க?” என்று கேட்டான். மாமா சிரித்தார். “வெட்டி முடிச்சா நிறுத்துவாங்க.” இவன் சிரிக்கவில்லை. தன் உழைப்புக்கு ஒரு நேரம் உண்டு, ஒரு எல்லை உண்டு என்று ஒருவன் கேட்க ஆரம்பித்துவிட்டால் அவன் ஆளாகிவிட்டான் என்றுதானே பொருள்?

பையன் கதை போதும், பெண் கதைக்கு, என் கதைக்கு வருகிறேன். இந்த ஊரில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சம்பளம் கவரில் வரும். சில மாதம் இரண்டு கவராக, இரண்டு தவணையில் வரும். வேலையில் சேர்ந்ததற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. துபாய் போனதும் முதலில் என் கையில் கொடுத்தது ஒப்பந்தம். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு என்றார்கள். சம்பளம் வங்கி வழியாகத்தான் வரும், அரசாங்கம் கண்காணிக்கிறது. ஆண்டுக்கு 30 நாள் சம்பளத்தோடு விடுமுறை. வேலையை விட்டு நின்றால், முதல் ஐந்து ஆண்டுக்கு, ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடை. என் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. எல்லா முதலாளியும் உத்தமர்கள் என்று நான் சான்றிதழ் கொடுக்க வரவில்லை. பிடுங்கி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கேட்பதற்கு எனக்கு ஒரு தாள் இருக்கிறது. அதுவரைக்கும் என் சிம் கார்டு கூட அப்பா பேரில்தான் இருந்தது!

அங்கே மெட்ரோவில் பெண்களுக்குத் தனிப் பெட்டி. ராத்திரி பத்து மணிக்கு இறங்கித் தனியாக நடந்து ரூமுக்குப் போகிறேன். இங்கே திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் ஏழு மணிக்கு இறங்கினால் அப்பா வண்டியோடு நிற்பார். பாசம்தான், தெரியும். ஆனால் அப்பாவுக்கு முழங்கால் வலி, அவர் வீட்டிலேயே இருக்கலாமே என்று சொல்லும் தைரியம் எனக்கு அங்கே போன பிறகுதான் வந்தது.

ரூம் என்றேனே, அது பெட் ஸ்பேஸ். ஒரு கட்டில், ஒரு திரை, ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு. மலையாளி ஒருத்தி, நேபாளி ஒருத்தி, மணிலாக்காரி ஒருத்தி. ஊரிலிருந்து நெத்திலிக் கருவாடு கொண்டுபோய் வறுத்தேன். மூன்றாவது மாடியே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டது. நேபாளிப் பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். எனக்காக வாதாடியது யார் தெரியுமா? மணிலாக்காரி. அவர்கள் ஊரில் காலைச் சாப்பாட்டுக்கே கருவாடு வறுப்பார்களாம். அன்றிலிருந்து அவள் எனக்கு அக்கா. இந்த உறவை எந்த ஜாதகம் பார்த்து யார் சேர்த்து வைத்தார்கள்?

அங்கே வந்து முதல் கேள்வியே “நீ எந்தத் தெரு?” என்று யாரும் கேட்பதில்லை. ஜாதி அடியோடு ஒழிந்துவிட்டது என்று நான் சொன்னால் அது பச்சைப் பொய். அதற்கென்றே வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிற புண்ணியவான்கள் அங்கேயும் உண்டு. ஆனால் கதவுக்குப் பின்னால் ஒட்டிய தாளில் செவ்வாய்க்கிழமை யார் சோறு பொங்கினாலும் எட்டுப் பேரும் அதைத்தான் சாப்பிட்டாக வேண்டும். இந்த ஒன்றை நம் ஊர்த் திருவிழாப் பந்தியில் கொண்டுவரவே எத்தனை பேர் போராட வேண்டியிருந்தது!

சரி, கடன். அண்ணன் சொன்னது உண்மை, லட்சக்கணக்கில் கட்டிவிட்டுப் போகிறார்கள். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்குமேல் ஜி.எஸ்.டி. மட்டும். பத்தாம் வகுப்பு முடிக்காதவர் பாஸ்போர்ட் ஈ.சி.ஆர். வகை. புதுச்சேரி போகிற சாலையைச் சொல்லவில்லை அம்மா, குடியேற்ற அனுமதி வாங்க வேண்டிய பாஸ்போர்ட்டைச் சொல்கிறேன். அவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போவதென்றால் இ-மைக்ரேட் என்ற நம் அரசாங்க இணையதளம் வழியாக அனுமதி வேண்டும். 10 லட்சம் ரூபாய் காப்பீடு உண்டு. அதற்குப் பிரீமியம் இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய். இதையெல்லாம் விட்டுவிட்டு, “விசிட் விசாவில் போ, அங்கே போய் மாத்திக்கலாம்” என்று சொல்பவன் துபாயிலா இருக்கிறான்? நம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் இருக்கிறான். ஐந்து வட்டிக்குக் கடன் கொடுத்தவர் எந்த ஷேக்கு? நாம் இங்கே கட்டிவிட்ட கல்லைச் சுமந்துகொண்டு ஒருவன் அங்கே தள்ளாடினால், பழியை அந்த நாட்டு மண் மேல் போடலாமா?

குவைத். 2024 ஜூன் 12, மங்காஃப் என்ற இடத்தில் தொழிலாளர் குடியிருப்பில் தீ. 40-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் போனார்கள். அதில் நம் மாவட்டத்து ஆளும் உண்டு. பெரும்பாலோர் தீயில் இல்லை, புகையில் மூச்சுமுட்டிச் செத்தார்கள். இதை வைத்து நான் வாதம் ஜெயிக்க விரும்பவில்லை. ஒரு கட்டடத்துக்குள் அத்தனை பேரை அடைத்தவர்கள் குற்றவாளிகள், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் அதற்குப் பிறகு என் தம்பி செய்தது என்ன தெரியுமா? ரூமில் எட்டுப் பேருக்கும் மாடிப்படி எங்கே, மொட்டை மாடிக் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்து, பூட்டியிருந்ததை கேம்ப் பாஸிடம், அதாவது கேம்பைக் கவனிக்கிற பொறுப்பாளரிடம், போய்ச் சொல்லித் திறக்க வைத்தான். தட்டிலேயே கை கழுவிய அதே பையன்.

மூன்றாவது, சாவு. அண்ணா, இதற்கு என்னிடம் எதிர்வாதம் கிடையாது. அப்பா முகத்தைப் போனில் பார்த்துக் கொள்ளி வைக்கச் சொல்கிறவனின் இழப்பு இழப்புதான். அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அங்கே சாகிறவர்களும் உண்டே, அவர்களுக்கு யார்? தம்பி ரூமுக்கு அடுத்த ரூமில் தெலுங்கானாக்காரர், தச்சு வேலை. தூக்கத்திலேயே போய்விட்டார். போலீஸ் வர வேண்டும், ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டும், இறப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும், நம் துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டை ரத்து செய்து தடையில்லாக் கடிதம் வாங்க வேண்டும், உடலைப் பதப்படுத்த வேண்டும், அதற்குப் பிறகுதான் விமானத்தில் சரக்கு பதிவு. ஒன்று தவறினாலும் அடுத்தது நடக்காது. கம்பெனி ஆள் ஒருவர் இருந்தார். ஆனால் கூடவே நடக்க ஒரு ஆள் வேண்டுமே? இவனுக்குக் கொஞ்சம் இந்தி வரும், அதனால் இவன் போனான். இறந்தவரின் அண்ணன் தெலுங்கும் இந்தியும் கலந்து அழ, இவன் தமிழும் இந்தியும் கலந்து ஆறுதல் சொன்னான். இல்லாதவர்களுக்குச் செலவு செய்ய இந்தியச் சமுதாய நல நிதி என்று தூதரகத்தில் ஒன்று இருக்கிறது என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டு வந்து கேம்பில் எல்லோருக்கும் சொன்னான். பெட்டி ஏறிய பிறகுதான் தூங்கினான். வயது இருபத்து நாலு. நம் ஊரில் சாவு வீடென்றால் பந்தலுக்குப் பின்னால் பைக் மேல் உட்கார்ந்து போன் நோண்டுகிற வயது.

மணி அடிக்கிறார்கள், ஐயா. ஒரு நிமிடம். எனக்கு அடுத்து எதிரணியில் பேசப்போகும் பேராசிரியர் ஐயா, பாசத்தைப் பற்றிப் பேசப் போவதாகச் சொன்னார். அவர் மகனுக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் கிளம்புகிறான். மஞ்சக்குப்பத்தில் அவனுக்கு ஒரு குக்கர் வாங்கிக்கொண்டு நேராக இங்கேதான் வந்திருக்கிறார், அதோ மேடைக்குக் கீழே அட்டைப்பெட்டியோடு இருக்கிறது. “அதில் சாதம் வைக்கத் தெரியுமாங்க ஐயா தம்பிக்கு?” என்று கேட்டேன். “அதெல்லாம் அங்க போய்க் கத்துப்பாம்மா” என்றார்.

ஐயா, அந்த ஒரு வாக்கை எங்கள் அணிக்கு எழுதிக்கொள்ளுங்கள். வணக்கம்.